வியாழக்கிழமை, வயிறு நிறைந்திருந்தது

மார்ச் மாதத்தில் நானே கட்டி
எனக்கே அனுப்பிய பெட்டி
கௌத்தோகெய்னோ கடையின் பின்னறையில்
செப்டம்பர் வரை காத்துக் கிடந்திருக்கிறது.
மேலே என் கையெழுத்தில் என் பெயர்: ஹெர்டிஸ்.
தூரத்து உறவுக்காரி ஒருத்தியின் பெயர்போல் இருந்தது.

ரிஸ்தின் கையொப்பம் கேட்டாள்.
பேனாவுக்கு விரல் மடங்கவில்லை.
நூற்றுப் பதினெட்டு நாளாய்
ஊன்றுகோலை மட்டுமே பிடித்த விரல்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து பிரித்தேன்.
மக்ரோனி நான்கு பொட்டலம்,
கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை,
ஒரு ஜோடி கம்பளிக் காலுறை,
மடிப்புக் கலையாதது,
எரிச்சலூட்டும் அளவுக்குச் சுத்தம்.
அடியில் ஒரு துண்டுச் சீட்டு:
"இங்கே நிறுத்திவிடாதே. இன்னும் கொஞ்சம்தான்."

கொஞ்சம்!
முந்நூற்று நாற்பது கிலோமீட்டரை
சமையலறை மேசையில் வரைபடம் விரித்து
சூடான காப்பியோடு அளந்தவள் அவள்.
அவளோடு எனக்குச் சண்டை இல்லை.
தெரிந்ததை எழுதினாள்.

கிளம்பும் முன் மூன்று விதி வைத்திருந்தேன்.
மழையில் முடிவெடுக்காதே.
பசியில் முடிவெடுக்காதே.
இருட்டியபின் கூடாரத்துக்குள் எடுக்கும் முடிவு
முடிவே அல்ல.

தெற்கே ஒரு சதுப்பில் இடுப்புவரை இறங்கி
அடுப்பும் தீப்பெட்டியும் நனைந்து
அழுதபடி படுத்த இரவில்
காலையில் பார்க்கலாம் என்றேன்.
காலையில் வெயில் அடித்தது, போனேன்.
வெயில் அடித்தபோதெல்லாம் போனேன்.

இன்று விடுதியில் கண் விழித்தபோது
வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்.
ஜன்னலெங்கும் பிர்ச் மரங்களின் மஞ்சள்.
முட்டை நாலு, ரொட்டி ஆறு,
நேற்றைய குழம்பின் அடிச்சட்டியையும் வழித்தாயிற்று.
முழங்கால்கூட வலிக்கவில்லை.
வலித்திருக்கலாம்,
சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும்.
மூன்று விதிகளும் சாட்சிகள்போல்
வரிசையாக வந்து நின்றபின்னும்
அது மட்டும் போகவில்லை.

எது என்று சொல்லத் தெரியவில்லை.
முந்தாநாள் ஓடையோரம்
துருவமான் மந்தை ஒன்று குறுக்கே போயிருக்கிறது.
சேற்றில் ஈரம் காயாத குளம்படிகள்,
நூறோ இருநூறோ.
முன்னால் போகும் மானின் மணி
என் காதில் விழுந்துதான் இருக்கும்.
நான் நிமிரவில்லை.
கடிகாரத்தில் கிலோமீட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மே மாதத்தில் ஒரு தவளைக்காக
அரை மணி நேரம் குந்தியிருந்தவள் நான்.

உள்ளே போய்க் கேட்டேன்,
ஆல்டாவுக்குப் பேருந்து எத்தனை மணிக்கு?
ஏன் என்று கேட்பாளோ என்று
வாய்க்குள் ஒரு பதிலை அடக்கி வைத்திருந்தேன்.
"இரண்டே கால். சில்லறை வைத்துக்கொள்,
ஓட்டுநரின் கார்டு மெஷின் கெட்டுக் கிடக்கிறது."
அவ்வளவுதான். பால் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டாள்.
அந்தப் பதிலை நானே விழுங்கினேன்.

மக்ரோனியை அவள் தம்பி நில்லாஸ் வாங்கிக்கொண்டான்.
வேலி கட்ட மலைக்குப் போகிறவன்.
மந்தைகள் கடலோரத்தை விட்டு
இந்தப் பக்கம் இறங்கும் காலமாம்.
"நீ வடக்கே போகிறவளா?"
போய்க்கொண்டிருந்தேன் என்றேன்.
அந்த இறந்தகாலம்
புதுப் பல்போல் இருந்தது,
நாக்கால் தடவிப் பார்த்தேன்.

வட முனைப் பாறைக்கு
நான் வராதது தெரியப் போவதில்லை.
எனக்குத் தெரியும்.
கல்யாண விருந்தில் யாராவது கேட்பார்கள்,
மீன் தட்டை நீட்டியபடி:
கடைசிவரை போனாயா?
அந்தக் கேள்வியையும் பைக்குள் போட்டேன்.
மக்ரோனி போன இடம் காலியாகத்தான் இருந்தது.

புதுக் காலுறையை மாட்டிக்கொண்டேன்,
நடப்பதற்கு அல்ல.
சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
"படித்தேன். வியாழக்கிழமை. வெயில்.
வயிறு நிறைந்திருந்தது."

பேருந்து ஐந்து நிமிடம் தாமதம்.
அதுவும் வடக்கே பார்த்துத்தான் கிளம்பியது.
என் ஒரு நாளை இருபது நிமிடத்தில் கடந்தது.
ஒவ்வொரு வளைவிலும்
இருக்கைக்கு அடியில் என் வலது கால்
அடுத்த அடிக்கு எழுந்து எழுந்து தாழ்ந்தது.
அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.