காலுறை மடிப்பு

கருங்கடலைப் பார்த்த சரிவு. மழை
பெய்கிறதா, நின்றுவிட்டதா, தெரியவில்லை.
சீட்டைக் கிழித்த சியாலா
முதலில் என் பாதங்களைத்தான் பார்த்தாள்:
பாதையை விட்டு இறங்கக் கூடாது.

நூற்றிருபது வருடத் தோட்டம் என்கிறது பலகை.
எந்த நாட்டின் தோட்டம் என்ற வரியை மட்டும்
இரண்டு முறை சுரண்டி, மேலே எழுதியிருக்கிறார்கள்.
மரங்களின் எண்கள் மாறவில்லை.

இருநூற்றுப் பதினேழு: பாக்ஸ் மரம்.
சுற்றிலும் கம்பி வலை.
தண்ணீரில் போட்டால் மூழ்குமாம், அத்தனை அடர்த்தி.
புழுக்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?
மூன்றே கோடையில் சரிவெங்கும்
வெளுத்த குச்சிகள்.
இது மட்டும் எப்படித் தப்பியது?
"பசி தீர்ந்திருக்கும்" என்றாள் சியாலா,
சிரிக்காமல்.
தினமும் இலை இலையாய்ப் புரட்டிப் புழு எண்ணுகிறாள்.
பள்ளிக்கூட நோட்டு. இன்றைய பக்கத்தில் பூஜ்யம்,
இரண்டு முறை அடிக்கோடிட்டு.

திரும்பும்போது சட்டைக் கையை உதறச் சொன்னாள்.
பையை, குடையை.
எல்லைச் சாவடியில்கூட இவ்வளவு இல்லை.

இரவு, விடுதியில்,
காலுறை மடிப்புக்குள் ஒரு கறுப்பு விதை.
எள்ளைவிடச் சற்றே பெரிது,
நனைந்த மினுக்கம்.
காய் வெடித்து வலைக்கு வெளியே தெறித்திருக்கும்.
சத்தியமாக நான் பாதையை விட்டு இறங்கவில்லை.

திங்கள் காலை மறுபடி ஏறிப்போனேன்.
விடுமுறை. கதவில் பூட்டு.
உள்ளே வலையோரம் குந்தியிருக்கிறாள் சியாலா,
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு,
உதடுகள் அசைய.

எண்ணிக்கொண்டிருப்பவளை எப்படிக் கூப்பிடுவது?
கதவுக் கம்பியைப் பிடித்தபடி
அவள் பூஜ்யத்துக்காகக் காத்திருந்தேன்,
உள்ளங்கையில்
ஒன்றை வைத்துக்கொண்டு.