பதினாறாவது மோடம்

எங்கள் நாட்டின் இணையத்தை
முதலில் துடைப்பத்தால்தான் பெருக்கினோம்.
சிரிக்காதீர்கள்.
உலான்பாத்தரில் ஜனவரி என்றால்
துப்பிய எச்சில் தரைதொடுமுன் கல்.
அஞ்சல் கட்டடத்து மொட்டைமாடியில்
நான்கு மீட்டர் அகலத்தில் ஒரு தட்டு,
அதில் பனி படிந்தால் தேசமே ஊமை.
நெர்குய் இரண்டு உரோமத் தொப்பிகளை
ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு ஏறுவான்.
கீழே ஜன்னலைத் திறந்து நான் கத்துவேன்:
வந்துடுச்சு, வந்துடுச்சு,
போயிடுச்சு,
இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்!

நெர்குய் என்றால் பெயரில்லாதவன்.
முன்னே பிறந்த இரண்டும் தங்காததால்
பேயை ஏமாற்ற அம்மா வைத்த பெயர்.
நிறுவனத்தின் முதல் கணக்கு அவனுடையது.
பெயரில்லாதவனிடமிருந்து வந்த கடிதத்தை
யாரோ விளையாடுகிறார்கள் என்று
நார்வேயில் ஒருவர் அழித்துவிட்டாராம்,
பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதினார்.
அந்த மன்னிப்பை அச்செடுத்துச்
சுவரில் ஒட்டினோம்.

நான் கணக்குப் பிரிவு.
சால்ஹி என்பது நிறுவனத்தின் பெயர்,
காற்று என்று பொருள்.
பதினாறு மோடம், நாற்பத்தோரு சந்தாதாரர்:
தூதரகங்கள், ஒரு தங்கச் சுரங்கம்,
டைனோசர் முட்டை தேடும் ஒரு ஜெர்மன்காரி,
அர்வைஹேர் பள்ளிக்கூடம்.
பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் வராத குளிர்காலத்தில்
கட்டணத்துக்குப் பதில் இறைச்சி வந்தது.
ரசீதில் எழுதினேன்:
ஆடு ஒன்று, தலை நீங்கலாக.
மார்ச் முடிய வரவு.

அப்புறம் மாடிப்படி முழுக்க வரிசை.
நாற்பத்தொன்று நாலாயிரமாயிற்று, ஒன்பதாயிரமாயிற்று.
இரவு பத்துக்குமேல் பாதிக் கட்டணம் என்றதும்
ஊரே பத்துமணிக்கு விழித்துக்கொண்டது.
என் கைரேகை நோட்டுக்கட்டில் தேய்ந்தது.
முதலாளி பூரெவ்ஜாவ் வானொலியில் சொன்னார்,
காற்றை யாராலும் கட்டிப்போட முடியாது என்று.
கடன் வாங்கி
இரண்டாவது தட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

நாங்கள் எல்லோரும்
அண்ணாந்தே பார்த்துப் பழகிவிட்டோம்.
தெற்கிலிருந்து ரயில்பாதை ஓரமாக
ஒரு பள்ளம் வந்துகொண்டிருந்தது.
முழங்கால் ஆழம்கூட இல்லாத பள்ளம்.
அதற்குள் மயிரிழை தடிமனில் கண்ணாடி.

ரத்துப் படிவங்களுக்கு
ஒரு டிராயர் போதவில்லை.
சுரங்கம் போயிற்று, தூதரகங்கள் போயின,
ஜெர்மன்காரி மட்டும் சாக்லேட்டோடு வந்து
மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.
நெர்குய்க்குப் பள்ளம் தோண்டியவர்களிடம் வேலை.
எத்தனை துக்ரிக் என்று நான் கேட்கவில்லை,
அங்கே கையுறை கொடுக்கிறார்கள் என்று அவனே சொன்னான்.
இரண்டாவது தட்டு பெட்டியோடு வந்து இறங்கிற்று.
யாரும் ஆணியைப் பிடுங்கவில்லை.
அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கடைசியில் ஒரே ஒரு மோடம்தான்
வாய் திறந்தது.
கோபியின் ஹன்போக்த் வானிலை நிலையத்திலிருந்து
துலாம்சுரேன் என்று ஒருத்தி,
தினமும் காலை ஆறுமணிக்கு,
தொண்ணூறு வினாடி.
அவள் மாதக் கட்டணத்தைவிட
அதைக் கேட்டு அனுப்பும் தபால்தலைக்கு விலை அதிகம்.

மூடச்சொல்லி உத்தரவு வந்த வெள்ளிக்கிழமை
பதினைந்தைப் பிடுங்கிவிட்டேன்.
பதினாறாவதில் கைவைக்கும்போது
மணி ஆறு.
அது கிரீச்சிட்டது, கரகரத்தது,
தொண்டையைச் செருமி ஒத்துக்கொண்டது.
திரையில் வந்தது:
வெப்பம் மைனஸ் இருபத்தாறு.
காற்று வடமேற்கு, நொடிக்குப் பதினான்கு மீட்டர்.
மணல் எழும்புகிறது.

முடியட்டும் என்று காத்திருந்தேன்.
பிறகு பிடுங்கினேன்.

சனிக்கிழமை ஆறுமணிக்கு அவள் அழைத்திருப்பாள்.
எத்தனை தடவை என்று தெரியாது.
முன்கூட்டிச் சொல்ல
என்னிடம் அவள் எண் இருந்தது.

தட்டு இன்னும் மாடியில்தான் இருக்கிறது.
நேற்று பேருந்திலிருந்து பார்த்தேன்,
விளிம்புவரை பனி.
இடப்பக்கம்தான் அதிகம்.