குறியீடு நான்கு

மேற்கு மங்கோலியா, ஹோவ்த் நகரம், மார்ச் ஆறு.
மேய்ச்சல் நில ஆய்வு மையத்தின் இரண்டாம் மாடி.
பதினேழு பேர், பதினொரு மடிக்கணினி,
இருமிக்கொண்டே இருக்கும் ஒரு வெந்நீர்க் குழாய்.
தலைநகரிலிருந்து துல்மா வந்திருக்கிறாள்.
தரவு அறிவியல், மூன்று நாள்.
இணையம் அறுந்தாலும் படிக்கலாம் என்று
பாடங்களைப் பென்டிரைவில் கொண்டுவந்திருக்கிறாள்.
அறுந்துதான் கிடக்கிறது.

முதல் நாள் முழுக்கத் தேதிகளோடு மல்லுக்கட்டு.
ஒருவர் மாதத்தை முன்னால் வைக்கிறார், ஒருவர் நாளை.
ஒருவர்
‘வெள்ளை மாதப் பண்டிகை முடிந்து நாலாம் நாள், காற்று’
என்று எழுதிவைத்திருக்கிறார்.
கணினி அந்த வரியைச் சிவப்பாக்கியது.
எனக்குப் புரிகிறதே, என்றார் அவர்.

இரண்டாம் நாள், காலிக் கட்டங்கள்.
போன ஆண்டுக் குளிர்காலத்தின் அட்டவணை அது.
பனி உருகி, மறுபடி உறைந்து,
புல்லின் மேல் கண்ணாடி போட்ட குளிர்காலம்.
குளம்புக்கு உடையாத கண்ணாடி.
ஸுத் என்பார்கள் அதை. சொல்லும்போது குரல் தாழும்.
குடும்பத்துக்கு ஒரு வரிசை,
மிஞ்சிய ஆடுகளுக்கு ஒரு பத்தி.
நூற்று நாற்பத்து மூன்று இடத்தில் ஒன்றுமில்லை.

நிரப்ப ஒரு எளிய வழி, சராசரி, என்றாள் துல்மா.
ஒரே வரி நிரல். தட்டினாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு என்று
திரையின் அடிவரைக்கும்
ஆடுகள் வந்து நின்றன.

பின்னாலிருந்து ஒரு சத்தம். சிரிப்பு மாதிரி.
நியாம்பூ, களப் பணியாளர், ஆறு மாவட்டம் அவருக்கு.
‘செவெக்மித் வீட்டுப் பட்டியை நான் பார்த்தேன்.
விறகு மாதிரி அடுக்கியிருந்தார்கள்.
நீங்கள் ஒரு விரலால் எழுப்பிவிட்டீர்கள்.’

‘அப்படியானால் சுழி போட்டிருக்கலாமே?’
‘எண்ணவில்லையே நான்.’

இல்லை என்பது வேறு, தெரியவில்லை என்பது வேறு:
காலையில் பாடம் நடத்தியவள் அவள்தான்.
அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி திறந்தாள்,
காரணம் என்று தலைப்பிட்டு.
ஒன்று, சாலை மூடியிருந்தது.
இரண்டு, குடும்பம் இடம் மாறிவிட்டது.
மூன்று, தொலைபேசியை எடுக்கவில்லை.
‘நான்கு,’ என்றார் நியாம்பூ, ‘கேட்க வாய் வரவில்லை.’

அவள் விரல் விசைப்பலகை மேல் நின்றது.
கையேட்டில் அப்படி ஒரு வகை கிடையாது.
சாளரத்தோரம் அதுவரை வாய் திறக்காத சோக்ஸோல்மா,
மண் ஆய்வாளர்,
என் பக்கத்திலும் நான்கு உண்டு என்றார்.
இன்னொருவர் கையைப் பாதி தூக்கினார்.
மாலைக்குள் அறுபத்தொன்று.

விடுதியில் இரவு இரண்டு மணிக்கு
அந்த அறுபத்தொன்றை மட்டும் வரைபடத்தில் போட்டுப் பார்த்தாள்.
சிதறவில்லை.
வடக்குக் கணவாயின் கீழே ஒரே கொத்து.
பனிக்கட்டியின் படத்தை மேலே வைத்தால்
ஓரம்கூடப் பிசகவில்லை.
இல்லாத எண்கள்
தற்செயலாக இல்லாமல் போகவில்லை.
சராசரி எழுதிய பதினான்காம் பக்கத்தை
அடிக்கவும் இல்லை, அப்படியே விடவும் இல்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் இடைவேளையில், உப்புத் தேநீர் ஆறிக்கொண்டிருக்க,
நியாம்பூ தாழ்வாரத்தில் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார்.
மறுமுனை எடுத்தது.
அவர் சுற்றி வளைத்தார். வானிலை கேட்டார். முழங்கால் வலி கேட்டார்.
பிறகு கேட்டார்.
செவெக்மித் சொன்னது கதவு வரை கேட்டது:
‘கேட்க ஒரு வருடம் ஆயிற்றா உனக்கு?
மூன்று. கூடாரத்துக்குள் எங்களோடு படுத்த மூன்று.’

உள்ளே வந்து உட்கார்ந்தார்.
நான்கை அழித்தார். ஆடுகளின் கட்டத்தில்
மூன்று என்று தட்டினார்.
சராசரியும் அல்ல, சுழியும் அல்ல.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
இன்னும் அறுபது என்றார், யாரிடமும் இல்லாமல்.
அடுத்த எண்ணைத் தேடினார்.