ஒற்றைக் கையுறை

பதினோரு வாரம் ஓடி
பாதி மூச்சில் நின்றுபோன தொடர் அது.
நட்சத்திரங்களுக்கிடையே உரமூட்டை சுமக்கும்
ஒரு பழைய சரக்குக் கப்பல். கேப்டன் ஹெட்டி வார்ன்.
வலது கை இரும்பு, குளிர் தெரியாது.
இடது கைக்கு மட்டும்
கடுகு மஞ்சளில் ஒரு கம்பளிக் கையுறை.
கடைசிக் காட்சியில் கதவைத் திறந்தாள்.
வெளியே என்ன இருந்தது என்று
பத்தொன்பது வருஷமாகச் சண்டை போடுகிறோம்.

தண்டர் பேயில் நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
காலை நாலே முக்கால். மைனஸ் முப்பத்தொன்று.
பிள்ளைகளை இறக்கிவிட்டு
ஏரிக்கரைத் தானியக் கிடங்குகளின் நிழலில்
வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் பின்னுவேன்.
இடது கையுறை.
மறுபடியும் இடது கையுறை.

எங்கள் கூட்டமே இப்படித்தான்.
ரெஜைனாவில் ஓடெட்
பல் பிடுங்கும் நேரம் போக மீதி நேரம் பின்னுகிறாள்.
கம்பளி பட்டால் தடிக்கும் என்பதால்
ரெய்க்யவிக்கில் ஸ்டெய்னுன் பருத்தியில் பின்னுகிறாள்;
அது செல்லுமா என்று ஒரு வருஷம் வழக்கு நடந்தது.
பிப்ரவரி ஒன்பது கேப்டன் பிறந்தநாள்.
குலுக்கலில் வந்த பெயருக்கு ஆளுக்கொன்று அனுப்பி,
போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்வோம்.
அன்றைக்கெல்லாம் இரண்டாம் வகுப்பு டோபியாஸ்
படியேறும்போது கேட்பான்:
"இன்னொன்றைத் தொலைச்சிட்டீங்களா?"

வென்டெல் படம் அனுப்பியதே இல்லை.
சூ லுக்அவுட் ரயில் யார்டில் வேலை.
கப்பலின் திருகாணி ஒவ்வொன்றும் அவனுக்கு மனப்பாடம்.
ஆறாவது வருஷம் அனுப்பினான்.
இடது கையில் ஓடெட்டின் மஞ்சள்.
வலது சட்டைக் கை
முழங்கைக்கு மேலே மடித்து ஊக்குக் குத்தியிருந்தது.
கீழே நாலு வரி:
"கடையில் ஒன்று தரமாட்டார்கள்.
பன்னிரண்டு வருஷமாக ஜோடி வாங்கி
பாதியைக் குப்பையில் போட்டேன்.
இந்தத் தடவை எதையும் எறியவில்லை."

இரண்டு நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை.
வாயாடிக் கூட்டம், இரண்டு நாள்.

மூன்றாம் நாள் ஓடெட்
வினிபெக்கில் செயற்கைக் கை பொருத்தும் மருத்துவமனைக்கு
போன் போட்டுவிட்டாள்.
நர்ஸ் சொன்னாளாம்: "நூறு கொடுத்தாலும் போய்விடும்.
ஆனால் பாதிப் பேருக்கு வலது வேண்டும்."

வலதா!
"வலது கையுறை தொடரில் கிடையவே கிடையாது" என்றான் காஸ்பார்ட்.
கப்பல் மாதிரியை ஏலத்தில் விற்று
நூலுக்குப் பணம் திரட்டியவனும் அவன்தான்.
"தர்மம் வேறு, தொடர் வேறு. கலக்காதீர்கள்."
ஒரு வாரம் ரத்தக்களறி.
கடைசியில் வென்டெல்தான் கண்டுபிடித்தான்:
ஏழாம் பகுதி, இருபத்திரண்டாம் நிமிஷம்.
கேப்டனுக்குப் பின்னால் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி.
அதற்குள் இருக்கும் கேப்டனுக்கு
கையுறை வலது கையில்.

காஸ்பார்ட் ஒரு ராத்திரி முழுக்க யோசித்து எழுதினான்:
"மஞ்சள் மட்டும் சரியாக இருக்கட்டும்."

என் விரல்களுக்கு இடதுதான் வரும்.
வலதுக்குக் கட்டைவிரல் எங்கே முளைக்கிறது என்று
நாலு தரம் பிரித்தேன்.
பல்லால் நூலைக் கடித்துக்கொண்டு
ஒற்றைக் கையால் பேன்ட் பித்தானைப் போட்டுப் பார்த்தேன்,
ஏன் என்று தெரியாது.
முடியவில்லை.

நூற்று நாற்பத்து மூன்று போயின.
தபால் செலவுக்கு
பேருந்து டிப்போவில் ஜாம் ரொட்டி விற்றேன்.
மெக்கானிக்குகள் மீதிச் சில்லறை கேட்கவில்லை.

பதில் ஒன்றே ஒன்று வந்தது.
ஒரு கிழவர். தொடரைப் பார்த்ததே இல்லையாம்.
"கதகதப்பாக இருக்கிறது, நன்றி.
இந்த மஞ்சள்தான் பார்க்கச் சகிக்கவில்லை.
கறுப்பு கிடைக்குமா?"

காஸ்பார்டுக்கு இன்னும் சொல்லவில்லை.
கறுப்பில் பாதி விரல் வரை வந்திருக்கிறேன்.
மூன்றரை மணி. பள்ளி விடுகிறது.
டோபியாஸ் படியிலேயே நின்று
என் மடியைப் பார்க்கிறான்.
"இது யாரோடது?"
தெரியலை, ஏறு.
கதவு திறந்தே கிடக்குது பார்.