அரைக் கட்டை

ஹாமில்டன், பார்ட்டன் தெரு.
இத்தாலியர் மன்றத்தின் நிலவறை மண்டபம்.
நெரினா காவெல்லி கேட்கும் முதல் கேள்வி
மைக் பற்றியது அல்ல:
"காசு கொண்டுவந்தானா?"
உறையைப் பிரித்து, எண்ணி, சட்டைக்குள் செருகி,
அதற்குப் பிறகுதான்
'ஒன்று, இரண்டு' சொல்லிப் பார்ப்பாள்.

காரணம் இருக்கிறது.
அறுபத்து மூன்றில், பதினெட்டு நகரச் சுற்றுப்பயணத்தில்
ஐந்தாவது நகரம் இது.
இடைவேளையில் ஏஜென்ட் வசூலோடு போனான்.
அவள் திரும்பிப்போகும் டிக்கெட்டும் அவன் பையில்.
போனவன் போனான்.
இவள் இரண்டாம் பாதியைப் பாடி முடித்தாள்.
மறுவாரம் பேக்கரியில் வேலை.

லிவோர்னோத் துறைமுகத்தில்
குண்டு விழுந்து இடது காது போன சிறுமி;
பட்டாளத்து லாரிகளுக்குப் பாடி
சாக்லேட் வாங்கியவள்.
இருபத்திரண்டில் வானொலிப் போட்டி, இரண்டாமிடம்.
முதலிடம் வந்தவனை இன்று யாருக்குத் தெரியும் என்பாள்.
கொஞ்சம் பொறுத்து,
"இரண்டாமிடத்தையும்தான்."

நான் மைக் செட்காரன்.
சனிக்கிழமை எங்கள் ஆட்களின் சாமத்தியச் சடங்கு,
வெள்ளிக்கிழமை இவள்.
அதே பெட்டிகள், அதே வயர்.
அவள் மொழி எனக்கு ஓடாது; கட்டை ஓடும்.
பழைய இசைத்தட்டில் ஐந்தரை.
நான் இங்கே வந்த வருஷம் நாலு.
போன வருஷம் மூன்று.

நேற்று, அந்த உச்ச இடத்தில்
குரல் பிசகிவிடக்கூடாதே என்று
அவளைக் கேட்காமலே
பின்னணி இசையை அரைக் கட்டை இறக்கி வைத்தேன்.
ஏறினாள். நின்றாள். இறங்கினாள்.
இரும்பாலைப் பென்ஷன்காரர்கள் மேசையைத் தட்டினார்கள்;
ஒருவர் முள்கரண்டியைக் கீழே வைக்க மறந்து
அதைப் பிடித்தபடியே அழுதார்.

வயரைச் சுருட்டுகையில் வந்து நின்றாள்,
கேட்கிற காதை என் பக்கம் திருப்பி.
"திருடா."
சட்டைக்குள்ளிருந்து உறையை எடுத்தாள்.
ஐந்து டாலர் தாள் ஒன்றை உருவி
மிக்ஸர் மேல் வைத்தாள்.
கூலியா, அபராதமா, நான் கேட்கவில்லை.

வாசலில் சப்பாத்துகளில் பனி உப்பு.
ஆலைப் பக்கம் வானம் சிவந்து கிடக்கிறது.
இரண்டாம் நம்பர் பேருந்துக்கு நடக்கிறாள்,
அதே பாட்டை முணுமுணுத்தபடி,
இறக்காத கட்டையில்.
எட்டாத இடத்தில் நிற்கிறாள்,
மூச்சு வாங்குகிறாள்,
கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு
மறுபடி முதல் வரியிலிருந்து.