இரவு மருந்தகத்தின் கையகல ஜன்னல்

முப்பத்தொரு வருஷமாக என் இடது காதுக்குள்
ஒரு தறி ஓடுகிறது.
ஆலையை மூடினார்கள். இயந்திரங்களை
எடைக்குப் போட்டார்கள். நூற்புக் கூடத்தில் இப்போது
செருப்புக் கடையும் காப்பிக் கடையும்.
இந்த ஒன்றை நிறுத்த மட்டும்
எந்த மேஸ்திரியும் வரவில்லை.

ஙொய்ய்ய்.
நூல் அறுந்தாலும் நிற்காத தறி.
வானொலியைத் தணித்து வைத்து
அதன் பக்கத்திலேயே தூங்கப் பழகினேன்.
யாரிடமும் சொன்னதில்லை.
காதும் காதும் வைத்தாற்போல்
காதுக்குள்ளேயே வைத்திருந்தேன்.
நான் "என்ன?" என்று இரண்டு தரம் கேட்பதை
ஸெனோன் பிடிவாதம் என்றே நினைத்திருந்தார்.

பிப்ரவரி. வூச் நகரத்துக் கூரைகளில்
பனி ஈட்டிகள் தொங்கின.
வியாழன் நகராட்சிக் குளத்தில் நீந்தினேன்.
வெள்ளி, அரிப்பு.
கொண்டையூசியை எடுத்தேன்,
ஆமாம், எடுத்தேன், திட்டாதீர்கள்.
சனி இரவு யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியை
உள்ளே நட்டுத் திருகினார்கள்.
காதுமடலைத் தொட்டால் கடைவாய்ப்பல் வரை மின்னிற்று.

வலிகூடப் பரவாயில்லை.
வீங்கிய காது வெளியுலகைச் சாத்திவிட்டு
என்னையும் தறியையும்
ஒரே அறையில் பூட்டிவிட்டது.
இப்போது அது ஒரு தறியில்லை,
முந்நூறு.

மாடிவீட்டு யத்விகா வெங்காயம் சுட்டுக் கொண்டுவந்தாள்.
கற்பூரத் தைலம் விடு என்றாள்.
அவள் அத்தைக்குக் குழல் மெழுகுவத்தியைக் காதில் நட்டுக்
கொளுத்தினார்களாம்.
குணமானதா என்றேன்.
"முடி கருகிற்று," என்றாள்.
மற்றது அவளுக்கு நினைவில்லை.
ஸெனோன் உள்ளங்கையில் மூன்று ஆஸ்பிரின்.

முழங்காலுக்காக ஒரு வாரம் அதை விழுங்கியபோது
தறி இரட்டித்தது ஞாபகம் வந்தது.
கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

இரவு மருந்தகத்துக்குக் கதவு திறப்பதில்லை.
கையகல ஜன்னல்தான்.
வலது காதைக் கொடுத்து நின்றேன்.
உள்ளே இருந்த பெண்ணுக்கு முப்பதுகூட இருக்காது.
சீழ் உண்டா, காய்ச்சல், தலைசுற்றல், முகம் கோணுகிறதா?
இல்லை, இல்லை.
"காதில் இரைச்சல்?"
சொன்னேன். கேட்கவில்லை என்றாள்.
மறுபடி சொன்னேன், இரவுப் பேருந்து நடுவில் போயிற்று.
மூன்றாம் தரம் அந்தத் தெருவே விழிக்க:
"இருக்கிறது! முப்பத்தொரு வருஷமாக இருக்கிறது!"

பின்னால் இருமல் மருந்துக்கு நின்ற டாக்ஸிக்காரர்
தொப்பியைக் கழற்றாமல் சொன்னார்:
"எனக்கு வலப்பக்கம். கெட்டில் கொதிக்கிற மாதிரி."
அவ்வளவுதான். குளிரில் சும்மா நின்றோம்.

ஆஸ்பிரினைத் தள்ளிவை என்றாள் பெண்.
இப்யூபுரூஃபனும் சிலருக்கு இரைச்சலைத் தூண்டுமாம்.
பாராசிட்டமால் தந்தாள்,
அட்டையில் எழுதியதற்கு மேல் ஒன்றுகூட ஆகாது.
வெளியே இளஞ்சூட்டுத் துணி வைக்கலாம்.
உள்ளே எண்ணெய், வெங்காயம், ஊசி, எதுவும் போகக்கூடாது.
"சவ்வில் ஓட்டை இருந்தால் சில சொட்டு மருந்தே
உட்காதைக் கெடுத்துவிடும்.
யாராவது முதலில் பார்க்கட்டும்."

திங்கள் காலை டாக்டர் பஷ்கேவிச்
விளக்கை நுழைத்துப் பார்த்தார்.
சவ்வு முழுசாக இருக்கிறது என்றார்.
அவர் கேட்காமலே சொன்னேன், எனக்கு இரைச்சல் உண்டு.
கையிலெடுத்த உறிஞ்சுகுழாயைக் கீழே வைத்தார்.
"இது கத்தும். கையாலேயே துடைத்தெடுக்கிறேன்."
அதற்காகவே
என்னை இரண்டரை மணி நேரம் காக்க வைத்ததை மன்னித்தேன்.

சொட்டு மருந்துப் புட்டியை
உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினேன், காலையும் மாலையும்.
குளிர்ந்த சொட்டு தலையைச் சுற்றவைக்கும்.
குளம் இன்னும் சில வாரம் கிடையாது.

எட்டாம் நாள் சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது.
பிறகு ஸெனோன் பீட்ரூட் சூப்பை உறிஞ்சுவது.
முந்நூறு தறியும் ஒவ்வொன்றாய் அடங்கி
பழைய ஒன்றில் வந்து நின்றது.
அது நிற்கவில்லை. ஓடட்டும்.

எதிரே அவர் ஏதோ சொன்னார்.
"என்ன?" என்றேன்.
எழுந்து, மேசையைச் சுற்றி
என் வலப்பக்கம் வந்து குனிந்து
சொன்னார்:
"உப்பு."