கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம்

இருபத்தாறு பொத்தான்கள்.
எண்ணியது நான்தான்,
பெரும்பாலானவற்றை வைத்ததும் நான்தான்.
நாவல் எழுதும் செயலி என்று பெயர்;
திறந்தால் விமானி அறை.

தாம்பெரேயில் பிப்ரவரி. மைனஸ் பத்தொன்பது.
எழுதுகிறவர்களை நேரில் போய்ப் பார் என்று
லௌரி விரட்டியதால்
மூன்றாம் எண் டிராமில் கடைசி நிறுத்தம்வரை போனேன்.
அங்கே வண்டி திரும்பாது.
ஓட்டுநர்தான் உள்ளுக்குள்ளேயே நடந்து
பின்கோடியை முன்கோடியாக்குவார்.
மெர்யா அப்படித்தான் வந்தார்,
கையுறையைப் பல்லால் கழற்றியபடி.
"ஏழு நிமிஷம் இருக்கு. பார்த்துக்கோ."

முதல் நிமிடம் வரவேற்புக்குப் போனது:
நேற்றைய இலக்கில் நாற்பது சொல் பாக்கி என்றது செயலி,
கந்துவட்டிக்காரன் குரலில்.
இரண்டாவது, ஐந்தாம் அத்தியாயத்தைத் தேட.
மெனுவுக்குள் மெனு, அதற்குள் ஒரு பெட்டி.
தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு,
தொட்டது வேறு யாருடைய மூக்கோ என்று
வந்த வழியே திரும்பினார்.
மூன்றாவதில் விரல் விறைத்துவிட்டது.
'சேமி'க்குப் பக்கத்தில்
கடுகளவு இடைவெளியில் 'நீக்கு'.
யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை.
நான் ஜன்னல் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

மிச்ச நேரத்தில் எழுதியது ஒன்றரை வரி.
மணி. கையுறை. கதவு.
அந்த ஒன்றரை வரியில் ஒரு பெண்
சூட்கேஸைத் தூக்கிவிட்டாள், இன்னும் கீழே வைக்கவில்லை.
வண்டி மறுகோடி போய் வரும்வரை
அவள் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும்.

அன்றிரவே அரிய ஆரம்பித்தேன்.
பதினான்கு எழுத்துருவில் பதின்மூன்று போனது.
காகித நிறங்கள், மழைச் சத்தம், தட்டச்சு ஓசை,
"உத்வேகம் வேண்டுமா?" என்று கண்ணடிக்கும் பல்பு.
மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த பல்பு அது.
ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்த்தோம்:
இரண்டு சதவீதம், ஒன்று, அரை, சுழி.
லௌரி ஒவ்வொரு சுழிக்கும் கை தட்டினான்.

பிறகு அந்தப் புள்ளி.
கதாபாத்திரப் பட்டியலில், பெயருக்கு எதிரே.
பச்சை என்றால் உயிரோடு; சாம்பல் என்றால் இல்லை.
செத்தவன் அடுத்த அத்தியாயத்தில் காபி குடித்துவிடாமலிருக்க
யாரோ கேட்டு யாரோ செய்தது.
மெய்யெழுத்தின் தலையில் வைத்ததும்
உள்ளிருக்கும் அகரம் அடங்கிப்போகுமே,
அந்த அளவுப் புள்ளி.

உலகத்தில் அதைத் தொடுகிறவர் ஒரே ஒருவர்.
பெயர் தெரியாது, எங்களுக்குத் தெரியவும் கூடாது.
தினமும் காலை ஐந்து இருபதுக்கு
ஒரு சாம்பலைப் பச்சையாக்குகிறார்.
நான்கு நிமிடம் கழித்து
பச்சையைச் சாம்பலாக்குகிறார்.
எழுதுவதில்லை. ஓர் எழுத்துகூட.
நானூற்றுப் பதினொரு நாளாக.

"ஒருத்தருக்காக ஒரு பொத்தானா?"
லௌரி கேட்டது நியாயம்.
"பிழையாகக்கூட இருக்கலாம்."
அதுவும் நியாயம்.
'நீக்கு'வின் மேல் விரலைத் தூக்கி
மெர்யாவின் பெண்ணைப் போல் நின்றேன்.

கடைசியில் ஒளித்து வைத்தேன்.
பெயரின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வரும்.
இதற்குச் சமரசம் என்று கூட்டத்தில் பெயர்;
எனக்குக் கோழைத்தனம் என்று பட்டது.

மார்ச்சில் வெளியிட்டோம்.
திறந்தால் நேற்று விட்ட வரி, அதன் நுனியில் துடிக்கும் கோடு.
வேறொன்றும் இல்லை.
மெர்யாவிடமிருந்து இரண்டு சொல்:
"வைத்துவிட்டாள். பதினொன்று."
பதினொன்று வரியா, பக்கமா, கேட்கவில்லை.
மழைச் சத்தம் எங்கே என்று முப்பது பேர் திட்டினார்கள்.
பல்பை ஒருவரும் தேடவில்லை.

மறுநாள் விடிகாலை அலுவலகத்தில் நான் மட்டும்.
ஐந்து இருபது. ஒன்றுமில்லை.
இருபத்திரண்டு. இருபத்தைந்து.
அங்கே எந்த ஊரிலோ யாரோ
இருட்டில் சுவரைத் தடவுவதுபோல் திரையைத் தடவுகிறார்,
ஸ்விட்சை இடம் மாற்றியவள் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.
இருபத்தொன்பதுக்குக் கிடைத்தது.
பச்சை.

ஐந்து முப்பத்துமூன்று வந்து போனது.
ஆறு. ஏழு. லௌரி வந்து காபி போட்டான்.
சாம்பலாக்க வழி தெரியவில்லையா,
வேண்டாம் என்று விட்டுவிட்டாரா.
பிழைப் பதிவுப் படிவத்தைத் திறந்தேன்,
தலைப்பு மட்டும் அடித்தேன், மூடினேன்.

இன்றைக்குப் பத்தொன்பது நாள்.
பச்சையாகவே இருக்கிறது.